வாசகர் கேள்வி – பதில்: அடையாற்றங்கரையில் குப்பை பொறுக்கப் போகிறவர்களுக்கு

சென்ற இதழில், அடையாற்றங்கரையில் விடுமுறைக் காலைகளில் குப்பை அகற்றும் தன்னார்வலர்களைப் பற்றி நான் எழுதிய சிறு குறிப்புக்கு, எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே கடிதங்கள் வந்திருக்கின்றன. பாராட்டி எழுதியவர்களுக்கு நன்றி. கேள்வி கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒருவருடையதை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பத்துப் பேர் சேர்ந்து, மறைமலையடிகள் பாலத்துக்கு அருகே கரையைச் சுத்தம் செய்ய நினைக்கிறோம். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? எங்கிருந்து தொடங்குவது? – சைதாப்பேட்டை வாசகி

அனுமதியைப் பிறகு பார்ப்போம். நீங்கள் கட்டி வைக்கப்போகும் சாக்குகளை யார், எந்த நாளில், எந்த வண்டியில் எடுத்துச் செல்லப் போகிறார்கள் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் 14 பேர் ஒரு காலைப் பொழுதில் 23 சாக்குகளை நிரப்பி, சாலைத் திருப்பத்தில் வரிசையாக அடுக்கி, படமும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டோம். வருவதாகச் சொன்ன வண்டி அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மாடுகள் சாக்கைக் கிழித்தன. செவ்வாய்க்கிழமை பெய்த மழை மீதியைப் பார்த்துக்கொண்டது. புதன்கிழமை போய்ப் பார்த்தபோது, நாங்கள் எடுத்ததில் பாதி எடுத்த இடத்துக்கே இறங்கிப் போயிருந்தது.

ஆற்றின் கரையும் படுகையும் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருப்பவை. குப்பையை வாரிச் செல்வது மாநகராட்சியின் பொறுப்பு. ஆகவே உங்கள் பகுதி எந்த வார்டில் வருகிறது என்று தெரிந்துகொண்டு, அந்த வார்டின் துப்புரவு ஆய்வாளரை நேரில் பார்த்து, நாள், நேரம், இடம், ஏறத்தாழ எத்தனை சாக்கு என்பதைக் கடிதமாகவே எழுதிக் கொடுங்கள். வண்டி ஓட்டுநரின் கைப்பேசி எண் கையில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இடத்தைப் பொறுத்தவரை பெரிதாக ஆசைப்பட வேண்டாம். 100 மீட்டர் கரையைத் தேர்ந்தெடுத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை அதே இடத்துக்குப் போங்கள். வாரத்துக்கு ஓர் இடமாக மாறிக்கொண்டே இருந்தால், எந்தக் குப்பை புதிதாக விழுந்தது, எது வெள்ளத்தில் வந்தது, யார் எந்த வழியாக வந்து கொட்டுகிறார்கள் என்பது கடைசிவரை பிடிபடாது.

கேள்வி: அடையாற்றில் ஓடுவதே சாக்கடை. அதன் கரையில் உட்கார்ந்து பிஸ்கட் உறை பொறுக்குவதால் யாருக்கு என்ன பயன்? கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். – கோட்டூர்புரம் வாசகர்

கோபம் இல்லை. நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கி, ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேரும் இந்த ஆற்றில், மழை இல்லாத மாதங்களில் நகரத்துக்குள் ஓடுவது பெரும்பாலும் கழிவுநீர்தான். அதைக் குழாயும் சுத்திகரிப்பு நிலையமும்தான் தீர்க்க முடியும்; குப்பை எடுக்கும் இடுக்கி தீர்க்காது. குப்பை பொறுக்கியதும் ஆறு சுத்தமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் கழிவுநீர் நின்றால் ஆறு சில ஆண்டுகளில் தன்னைத் தேற்றிக்கொள்ளக்கூடும். நெகிழிக்கு அந்தக் கணக்கு கிடையாது. உலக ஆறுகள் கடலுக்குக் கொண்டுபோகும் நெகிழியில் 80 விழுக்காடு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகளிலிருந்து வருகிறது என்றும், அவற்றுள் கடலோர நகரங்களின் ஊடாக ஓடும் சிறிய ஆறுகளுக்குப் பெரும்பங்கு உண்டு என்றும் 2021-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. அடையாறு அந்த ரகம். சைதாப்பேட்டையில் கைவிட்ட உறைக்குக் கடல் பத்துக் கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. கரையில் கிடக்கும்வரை அதைக் கையால் எடுக்கலாம், முகத்துவாரத்தைத் தாண்டிவிட்டால் யாராலும் எடுக்க முடியாது.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு நெகிழியே காரணம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்ட இரவுக்கு, ஒரு பிஸ்கட் உறையின்மேல் பழியைப் போடுவது நியாயமாகாது. அதே நேரத்தில், தெருவின் மழைநீர் வடிகால் ஆற்றில் வந்து விழும் வாயில், பாலிதீன் பைகளும் தேங்காய் மட்டையும் பின்னிக்கொண்டு அடைத்து நிற்பதால், சாதாரண மழைக்கே முழங்கால் அளவு தண்ணீர் தேங்கும் தெருக்களை நான் பார்த்திருக்கிறேன். வடிகால் வாய்க்கு வெளியே கரையில் கிடப்பதை நீங்கள் எடுக்கலாம். உள்ளே இறங்க மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் முயலாதீர்கள். உள்ளே விஷவாயு இருக்கலாம், சேற்றின் ஆழமும் தெரியாது.

கேள்வி: குப்பை பொறுக்கப் போவதாகச் சொன்னதும் வீட்டில் பயப்படுகிறார்கள். நோய் தொற்றுமா? என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்? – நந்தனம் கல்லூரி மாணவர்

வீட்டார் பயப்படுவது சரிதான். அந்தப் பயத்தை முன்னேற்பாடாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் முதலில் நினைவில் வைக்க வேண்டியது எலிக் காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் கிருமி, காலில் உள்ள சிறு சிராய்ப்பு வழியாகக்கூட உடம்புக்குள் போகும். ஆகவே செருப்போடு வரக் கூடாது. முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் நல்லது, இல்லையென்றால் அடிப்பாகம் தடித்த மூடிய ஷூவாவது வேண்டும். கையிலோ காலிலோ ஆறாத புண் இருப்பவர்கள் அன்று கணக்கெழுதும் வேலையை ஏற்கலாம். போய் வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், மருத்துவரிடம் ஆற்றங்கரைக்குப் போனதை மறக்காமல் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் அவர் டெங்குவை மட்டும் தேடிக்கொண்டிருக்கக்கூடும். தடுப்பூசியில் டெட்டனஸ் போட்டுப் பத்தாண்டு ஆகிவிட்டதா என்று பாருங்கள்.

கையுறையில் மருத்துவமனையில் போடும் மெல்லிய ரகம் உதவாது. கட்டட வேலைக்காரர்கள் போடும், உள்ளங்கையில் ரப்பர் பூசிய நூல் கையுறை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், அதுவே போதும். நீளமான இடுக்கி இருந்தால் முதுகு வலிக்காது. பாலிதீன் பையில் குப்பை சேர்ப்பது போல வேடிக்கை வேறில்லை என்பதால், பழைய அரிசிச் சாக்கு, சிமென்ட் சாக்கு ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். புதர் ஓரத்தில் குவிந்து கிடக்கும் குப்பையைக் கையால் புரட்டாமல் கம்பால் தட்டிவிட்டு எடுங்கள். பாம்புக்கும் அது நிழல்தான்.

ஊசியைப் பற்றி எச்சரிக்கை தேவை. மருந்தூசிகள் கிடைக்கத்தான் செய்யும். அவற்றை இடுக்கியால் மட்டும் எடுத்து, மூடி போட்ட தடித்த நெகிழி டப்பாவில் தனியாகப் போட வேண்டும். சாக்கில் போட்டால் சாக்கைத் தூக்குகிறவர் காலில் குத்தும். யாருக்காவது குத்திவிட்டால், காயத்தைப் பிதுக்காமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்க 72 மணி நேரம் வரை அவகாசம் உண்டு என்றாலும், முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவதே சிறந்தது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

கேள்வி: பொறுக்கும் பாட்டில்களைப் பழைய இரும்புக் கடையில் போட்டு, அந்தப் பணத்தில் எங்கள் நலச் சங்கத்துக்குக் கையுறை வாங்கலாம் என்கிறார் செயலாளர். சரியா? – அடையாறு வாசகர்

செயலாளர் ஒரு முறை கரைக்கு வந்து பார்த்தால் இந்த யோசனையை அவரே கைவிட்டுவிடுவார் என்று நினைக்கிறேன். நல்ல நிலையில் உள்ள தண்ணீர் பாட்டில் உங்களுக்கு அவ்வளவாகக் கிடைக்காது. நீங்கள் ஆறரை மணிக்கு வருவதற்கு முன்பே, ஐந்து மணிக்குச் சாக்கோடு ஒருவர் வந்து அவற்றை எடுத்துக்கொண்டு போயிருப்பார். அது அவருடைய அன்றைய சாப்பாட்டுக் காசு. தப்பிக் கிடக்கும் பாட்டில்களையும் தனிச் சாக்கில் போட்டு அவருக்கே கொடுத்துவிடுங்கள். கையுறையை உறுப்பினர் சந்தாவில் வாங்கிக்கொள்ளலாம்.

ஆற்றங்கரைக் குப்பையைப் பற்றி நான் அறிந்தவற்றுள் முக்கியமானது இங்கேதான் இருக்கிறது. காயலான் கடையில் விலை போகாதது எதுவோ, அதுதான் கரையில் தங்குகிறது. போன தை மாதம் கோட்டூர்புரம் பாலத்துக்கு அருகே நிரப்பிய ஒரு சாக்கை, தார்ப்பாயில் கொட்டிப் பிரித்துப் பார்த்தோம். ஷாம்பு சாஷே, பாக்கு உறை, சிப்ஸ் உறை, தெர்மாகோல் துண்டு, சாம்பார் கட்டிய பாலிதீன் பை, குழந்தையின் டயாபர் எல்லாம் இருந்தன. அவற்றுக்கிடையே விரல்நுனி அளவில் நீலமும் பச்சையுமாக முக்கோணத் துண்டுகள் ஏராளமாகக் கிடந்தன. என்னவென்று கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு எங்களோடு வந்திருந்த ஓர் அம்மா சொன்னார்: பால் பாக்கெட்டின் வெட்டிய மூலை! பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் எடைக்குப் போடலாம் என்பதால் அது ஆற்றுக்கு வருவதில்லை. மூலைத் துண்டுக்கு விலை இல்லை, எனவே அது சமையலறைத் தண்ணீரோடு கிளம்பி வடிகால் வழியாக இங்கே வந்து சேர்கிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மூலையை முழுதாக வெட்டுவதில்லை, தொங்கும்படி விட்டுவிடுகிறோம்.

இதையே தலைகீழாகவும் பார்க்கலாம். நீலகிரியில் மதுப் பாட்டில்கள் காட்டிலும் ஓடையிலும் உடைந்து கிடந்து யானையின் காலைக் கிழித்த நிலையில், சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதன் பேரில், 2022-இல் டாஸ்மாக் கடைகளில் ஒரு பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்ததும் அந்தப் பணத்தைத் தந்துவிடும் முறை வந்தது. பாட்டில்களில் பெரும்பகுதி கடைக்கே திரும்பத் தொடங்கியது. பத்து ரூபாய் ஒட்டியிருக்கும் பொருளை யாரும் ஓடையில் எறிய மாட்டார்கள். எறிந்தாலும் இன்னொருவர் எடுத்துவிடுவார்.

சிப்ஸ் உறை போன்ற பல அடுக்கு உறைகளைக் காயலான் கடைக்காரர் தொட மாட்டார். மாநகராட்சியிடம் ஒப்படைத்தால், பிரித்தெடுக்கப்பட்ட எரியக்கூடிய குப்பையோடு சேர்ந்து சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகும் வாய்ப்பாவது உண்டு. அதற்கு உலர்ந்திருக்க வேண்டும், மண் உதறியிருக்க வேண்டும். எடுத்துப் போக வசதியில்லை என்று கரையிலேயே கொளுத்திவிடும் பழக்கம் சில குழுக்களிடம் இருக்கிறது. அந்தப் புகையைவிடக் குப்பை அங்கேயே கிடப்பது மேல்.

கேள்வி: கரையோரக் குடிசைக்காரர்கள்தாம் ஆற்றைக் கெடுக்கிறார்கள். அவர்களை அப்புறப்படுத்தாமல் நீங்கள் எத்தனை ஆண்டு பொறுக்கினாலும் வீண்தானே? – மயிலாப்பூர் வாசகர்

இந்தக் கருத்தைச் சோதித்துப் பார்க்கக் காலமே ஒரு வாய்ப்பைக் கொடுத்திருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றின் கரையில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைவான குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. அவர்கள் போன பிறகும் குப்பை நின்றுவிடவில்லை. கரையின் மேட்டில் குவிந்து கிடக்கும் உடைந்த டைல்ஸ், கழிவறைப் பீங்கான், ஜிப்சம் பலகை ஆகியவற்றைக் குடிசையிலிருந்து யாரும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கொட்டியிருக்க முடியாது. அவை இரவில் லாரியில் வருகின்றன. லாரியைக் கண்டால் எதிரே போய் நிற்காதீர்கள். எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு 1913-க்குப் புகார் கொடுங்கள்.

குடிசைப் பகுதியிலிருந்து குப்பை வருவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. குப்பை வண்டி நுழைய முடியாத சந்தில் இருப்பவர், வேலைக்குப் போகும் அவசரத்தில் பையை எங்கே வைப்பார்? ஒரு வாரம் அந்தச் சந்தின் முனையில் நின்று கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: தூய்மைப் பணியாளர்களுக்கு நாம் வரி கட்டுகிறோம். அவர்கள் வேலையை நாம் இலவசமாகச் செய்தால் அவர்களுடைய வேலைக்கு ஆபத்தில்லையா? – மதுரை வாசகி

நல்ல கேள்வி, வைகைக் கரையிலும் இதே பேச்சு எழுவதாக எழுதியிருக்கிறீர்கள். தெரு கூட்டுவது, வீட்டுக் குப்பை வாங்குவது, தொட்டியைக் காலி செய்வது ஆகியவை கூலிக்குரிய வேலைகள். அவற்றில் தன்னார்வலர்கள் கைவைக்கக் கூடாது. எங்கள் அனுபவத்தில், ஆற்றுச் சரிவு யாருடைய அன்றாட வேலைப் பட்டியலிலும் இருப்பதில்லை. தன்னார்வலருக்கு இடம் அங்கேதான். ஆனால் கவனித்திருக்கிறேன்: நாம் சாக்கைக் கட்டிப் போட்டுவிட்டுப் போகும் நாளில், அதைத் தூக்கி ஏற்றும் கூடுதல் பாரம் ஏற்கெனவே எட்டு மணி நேரம் உழைத்தவரின் தோளில் விழுகிறது. ஆகவே சாக்கை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள், கண்ணாடியைத் தனியாகக் கட்டுங்கள், வண்டி வந்ததும் நீங்களே ஏற்றிக் கொடுங்கள். வண்டியில் வருகிறவர்களை வாடா போடா என்று கூப்பிடும் தன்னார்வலரை, அவர் எத்தனை சாக்கு நிரப்பியிருந்தாலும், அடுத்த முறை அழைக்க வேண்டாம்.

கேள்வி: எத்தனை கிலோ எடுத்தோம் என்று கணக்கு வைக்க வேண்டுமா? – பெருங்குடி வாசகர்

கிலோ ஏமாற்றும். ஈரத் துணியும் மண் நிறைந்த பையும் எடையை ஏற்றிவிடும். பத்தாயிரம் சாஷே இறகு போலக் கிடக்கும். துண்டுகளாக எண்ணுவதே பயனுள்ளது. 1986-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் கடற்கரையில் தொடங்கி, இன்று ஆண்டுதோறும் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையை ஒட்டிப் பல நாடுகளில் நடக்கும் கடற்கரைத் தூய்மைப் பணியில், தொடக்கத்திலிருந்தே வகை வாரியாக எண்ணி எழுதுகிறார்கள். பல ஆண்டுகள் அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது சிகரெட் துண்டு என்பது அப்படி எண்ணியதால்தான் ஊருக்குத் தெரிந்தது; அதன் பஞ்சு உண்மையில் பஞ்சல்ல, ஒரு வகை நெகிழி.

நீங்கள் எல்லாவற்றையும் எண்ண வேண்டாம். ஒரு சாக்கை மட்டும் கொட்டி, வகையையும், உறையில் தெரியும் நிறுவனத்தின் பெயரையும் குறியுங்கள். பொருளை உறையில் அடைத்து விற்கும் நிறுவனமே அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று மத்திய அரசின் நெகிழிக் கழிவு விதிகள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பைகளும் குவளைகளும் அந்தச் சாக்கில் எத்தனை இருந்தன என்று தேதியோடு எழுதிக் கொடுத்தால், அதிகாரி கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

கேள்வி: ஆண்டில் எந்த மாதம் ஏற்றது? முகத்துவாரப் பக்கம் போகலாமா? – பட்டினப்பாக்கம் வாசகி

மழைக்கு முன் செப்டம்பரில் ஒரு முறையும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு ஜனவரி முதல் மார்ச் வரையிலும் ஏற்ற காலம். மழைக்குப் பின் சீமைக் கருவேலக் கிளைகளில் துணியும் பாலிதீனும் ஒரே உயரத்தில் தோரணம் போலத் தொங்குவதைப் பார்ப்பீர்கள். வெள்ளம் எதுவரை ஏறியது என்பதற்கு அதைவிடத் துல்லியமான அளவுகோல் தேவையில்லை. கரைச் சரிவில் பாதி புதைந்திருக்கும் பழைய பைகளைப் பிடித்து இழுக்காதீர்கள். ஆண்டுக்கணக்கில் மண்ணும் பையும் அடுக்கடுக்காகப் படிந்து கரையே அவற்றால் ஆனது போல இருக்கும் இடங்கள் உண்டு; இழுத்தால் ஒரு கூடை மண் சரியும். வெளியே தெரிவதைக் கத்தரியால் வெட்டி எடுப்பதே சரி.

முகத்துவாரத்தில் ஓதம் ஏறும் நேரத்தைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. தொல்காப்பியப் பூங்காவுக்குள்ளும் பிரம்மஞான சபை வளாகத்துக்குள்ளும் முன் அனுமதி இன்றிக் குப்பை எடுக்கப் போக வேண்டாம். வெளியே உள்ள கண்டல் மரங்களுக்கு அடியில், மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து பென்சில் போல நீட்டிக்கொண்டிருக்கும்; அவற்றில் சுற்றிய பாலிதீனை எடுப்பது நல்ல காரியம், மிதித்து உடைப்பது கெட்ட காரியம், இரண்டும் ஒரே காலையில் நடந்துவிடும். எனவே அங்கே நான்கைந்து பேருக்கு மேல் வேண்டாம். கோடையில் ஆட்காட்டிக் குருவி வெறும் தரையில் கல் போன்ற முட்டையிடும். அது தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றினால், நின்று, காலடியைப் பார்த்து, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கேள்வி: என் ஏழு வயது மகள் தானும் வருவேன் என்று அடம் பிடிக்கிறாள். அழைத்துப் போகலாமா? – கிண்டி வாசகி

சரிவில் இறக்க வேண்டாம். அவள் கை அளவுக்குக் கையுறையும் கிடைக்காது. மேலே சாலையோரத்தில் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு நோட்டையும் பென்சிலையும் கொடுத்து, நீங்கள் சொல்லச் சொல்லக் கோடு போடச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் அந்த வயதுப் பையன் ஒருவன் கணக்கெழுதுகிறான். பால் மூலைத் துண்டுகளுக்குப் பக்கத்தில் மட்டும் அவன் கோடு போடுவதில்லை, சின்னச் சின்ன முக்கோணமாக வரைந்து வைக்கிறான். சென்ற முறை அந்தப் பக்கம் நிரம்பிவிட்டதால் புது நோட்டுக் கேட்டான்.